செங்கோடன் காருக்கு ஸ்பிரிங் மாற்றியது

செங்கோடன் தம்ளர் கேட்டு வந்தபோது மரகதம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

வாய்க்கால் ஓரத்திலிருந்த அந்தக் குடிலில் நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு பித்தளைத் தம்ளர் உண்டு. சமையல்கட்டு அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வந்துபோகிறவர்களுக்கு எவர்சில்வர்தான். பித்தளை கைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு திரும்பிப் போக வீடு என்று ஒன்று கிடையாது. அங்கே சேருவதைத் தம்ளர் கேட்பது என்றே சொல்வார்கள்.

செங்கோடனுக்கு ஐம்பத்தேழு வயது. கோபிப் பக்கம் உரக்கடை வைத்திருந்து, சமீபத்தில் கடையைக் கைமாற்றிக் கொடுத்தவர். குடிலின் குருவான மரகதம்மாவுக்கு அவரைவிடப் பதினான்கு வயது குறைவு. செங்கோடன் குருவை அம்மா என்பார். குரு செங்கோடனை அண்ணா என்பார். இதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

"அம்மா, நான் இங்கயே வந்தர்லாம்னு இருக்கறனுங்க."

"வீட்ல சொல்லீட்டீங்களா?"

"சொல்லீட்டனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"சாந்தா ஒண்ணும் சொல்லலைங்க. தம்பி சிரிச்சானுங்க."

சாந்தாமணி அவர் மனைவி. தம்பி குழந்தைவேலு, தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கி, பிழைத்தது பெரிய காரியம் என்று ஊரே சொன்ன ஆள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு கைத்தடி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பான். வாரா வாரம் அவனை ஈரோட்டுக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் செங்கோடன் ஒருவர்தான்.

மரகதம்மா ஒரு வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். முற்றல். ஓரமாகப் போட்டார்.

"வேற என்னங்கண்ணா?"

"இங்க வந்துபோயிட்டு இருக்கற இந்த ரெண்டு மாசமா மனசு ஆடாம நிக்குதுங்க. வீட்டுக்குப் போனா ஒரு பொழுதுகூட நிக்கறதில்ல. நிக்கறப்பவே அதைப் புடிச்சு இறுக்கிப் போட்டர்ணும்னு பாக்கறனுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"வழக்கத்தை முடிச்சுட்டு வாங்க. அப்பறம் பேசலாம்."

வழக்கம் இதுதான். தம்ளர் கேட்கிறவர், வீட்டில் ஒரு பொருளைத் தன் கையால் சரிசெய்துவிட்டு வர வேண்டும். அதுவரை செய்து பழக்கமில்லாத வேலையாக இருக்க வேண்டும். விட்டுவிட்டு வருகிற மனிதர்களுக்கு உபயோகமாக இருக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது. முடிந்ததும் மரகதம்மா நேரில் போய்ப் பார்ப்பார். ஒரு பெண்மணி கிணற்றுக்கு உருளை மாட்டிவிட்டு வந்தார். ஒருத்தர் மாட்டுக்கொட்டகைக்குத் தளம் போட்டார். ஒரு வங்கி மேலாளர் கட்டிலுக்கு நாடா பின்னினார். பின்னி முடித்ததும் அதிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவர் தம்ளருக்குத் திரும்பி வரவே இல்லை.

செங்கோடன் அப்படித் தூங்குகிற ஆளில்லை. பின்வாசல் குழாய் ஒழுகுகிறது, ஒரு வாஷர் மாற்றினால் ஆயிற்று, பொழுது சாய்வதற்குள் குடிலுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"இந்த வீட்ல எதைச் சரி பண்ணோணும், சொல்லு," என்றார் மனைவியிடம், குழாய் என்று பதில் வரும் தைரியத்தில்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது," என்றாள் சாந்தாமணி. இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கட்டிலிலிருந்து குழந்தைவேலு குரல் கொடுத்தான். "காருண்ணா."

"காருக்கு என்ன?"

"ஸ்பிரிங்கெல்லாம் படுத்துருச்சு. ஷாக்கப்சரும் போச்சு. வேகத்தடைல ஏறி எறங்கறப்ப என் முதுகுல எத்தனை எலும்பு இருக்குதுன்னு எண்ணிச் சொல்லீருவேன். போயிட்டு வந்தா ரெண்டு நாள் பெரள முடியறதில்ல."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீதான் மனசு ஆடாம ஓட்டிட்டு இருந்தியே."

செங்கோடனுக்குச் சுருக்கென்றது. ஓட்டியவர் அவர்தான். ஒவ்வொரு வாரமும் பின்சீட்டில் தம்பி முனகியது அவர் காதில் விழுந்ததுதான். வைத்தியத்துக்குப் போகிறவன் முனகத்தான் செய்வான் என்று இருந்துவிட்டார்.

கார் பழைய வெள்ளைக் கார். பின்பக்கம் எப்போதும் உட்கார்ந்தே இருக்கும். நான்கு ஸ்பிரிங்கும் நான்கு ஷாக்கப்சரும் உதிரிபாகக் கடையிலிருந்து புதிதாக வந்து இறங்கின. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவியைத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் இரவல் வாங்கினார். "நாங்களே மாட்டித் தர்றோமுங்களே," என்று ஒர்க்‌ஷாப்காரர் கேட்டதற்கு, "இல்லீங்க, இது வேற கணக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேலை வீட்டு முன்வாசலில் நடந்தது. போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டுத் திண்ணையின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டார். குழந்தைவேலு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான். கேட்காமல் கிடைத்த மேற்பார்வை.

முன்சக்கரத்தைக் கழற்றினார். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, தட்டி, ஊறவிட்டு, மறுபடி தட்டிக் கழற்றினார். சக்கரத்தை அடியிலிருந்து தாங்குகிற இரும்புக் கை ஒன்று இடைஞ்சலாக இருந்தது. அதன் போல்ட்டையும் தளர்த்திக் கீழே தொங்கவிட்டார். ஷாக்கப்சரும் அதைச் சுற்றின ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கையோடு வந்தன.

பழைய ஸ்பிரிங்கைப் பிரிக்கும்போதுதான் பயந்தார். இரண்டு பக்கமும் கொக்கி மாட்டி, இந்தப் பக்கம் நாலு சுற்று, அந்தப் பக்கம் நாலு சுற்று என்று முறுக்கி அமுக்க வேண்டும். கொக்கி நழுவினால் ஆளைத் தூக்கி அடித்துவிடும்.

"மூஞ்சிய அக்கட்டத் திருப்பிக்கண்ணா."

"தெரியும்டா."

"தெரிஞ்சா திருப்பு."

திருப்பிக்கொண்டார்.

புது ஸ்பிரிங்கின் முனை அதற்கான பள்ளத்தில் உட்காராமல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. மறுபடி பிரித்தார். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை சரியாக உட்கார்ந்தபோது அவருக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல் இருந்தது. குழந்தைவேலு தூங்கிவிட்டிருந்தான்.

அதைத் திரும்ப வண்டியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் கீழிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மேலே நட்டு போட வேண்டும். சாந்தாமணியைக் கூப்பிட்டார். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்து தூக்கிப் பிடித்தாள்.

"அங்க சீரகத் தண்ணி வெப்பாங்களா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும் என்னவோ அதுதான் எனக்கும்."

"வெறுந்தண்ணி உங்களுக்கு ஒத்துக்காதே."

"கெட்டியாப் புடி. விட்டறாத."

"புடிச்சுட்டுத்தான இருக்கறேன்."

நட்டு கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. ஆனால் செங்கோடனுக்கு அதைப் போட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

நான்கு பக்கமும் முடிந்ததும் ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். வண்டி ஜாக்கியிலும் கட்டைகளிலும் நின்றது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. ஸ்பேனருக்கு ஒரு நீளக் குழாயைச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு எடையை முழுக்கப் போட்டு இறுக்கினார். வீடியோவில் அந்த ஆள் கடைசியில் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். இறுக்கத் தெரியாதவனா நான் என்று செங்கோடன் அதை நிறுத்திவிட்டார்.

"இனி இந்த ஜென்மத்துல கழலாது," என்றார்.

இறக்கிப் பார்த்தபோது கார் முன்னும் பின்னும் நிமிர்ந்து நின்றது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கையைக் கழுவிக்கொண்டு, தனியாகவே குடிலுக்கு ஓட்டிப் போனார். வாய்க்கால் ரோடு புதிதாகப் போட்டது. கார் வழுக்கிக்கொண்டு போயிற்று.

"முடிஞ்சுதுங்கம்மா. வந்து பாருங்க."

மரகதம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வீடு வந்து சேர்ந்ததும் செங்கோடன் எஞ்சினை அணைத்தார்.

"எப்படிங்க?"

"நல்லா வருதுங்கண்ணா. நான் ஏறறதுக்கா இதைப் பண்ணுனீங்க?"

செங்கோடன் இறங்கிப் போய்த் தம்பியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின்சீட்டில் உட்கார வைத்தார். சாந்தாமணி வழக்கம்போல் பக்கத்தில் ஏறி, அவன் முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். வண்டி கிளம்பியது. ஊர் எல்லையில் வேகத்தடை. முன்சக்கரம் ஏறியதும் கீழேயிருந்து கர்ரென்று ஒரு சத்தம். பின்சக்கரம் ஏறியதும் இன்னும் நீளமாக ஒரு சத்தம். அடுத்த தடையில் மறுபடி.

குழந்தைவேலுதான் பேசினான்.

"இடி கொறைஞ்சிருக்குதுண்ணா. பொய் சொல்லக் கூடாது. ஆனா அடியில யாரோ பல்லைக் கடிக்கறாங்க."

செங்கோடன் வண்டியைத் திருப்பினார். காது மடல் சிவந்துவிட்டது. முன்வாசலில் நிறுத்திவிட்டு, "சாமான் சரியில்லீங்க. கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்," என்றார்.

"இருக்கும்," என்றார் மரகதம்மா. "எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்கண்ணா. இந்த வேலைய யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"வீடியோ பாத்துத்தானுங்க."

"முழுசாப் பாத்தீங்களா?"

செங்கோடன் போனை எடுத்தார். நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டார். எல்லாரும் குனிந்து கேட்டார்கள்.

அந்த ஆள் நிதானமாகச் சொன்னான். அடியிலிருக்கிற இரும்புக் கைக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. போல்ட் அதன் நடுவே போகிறது. சக்கரம் தொங்கும்போது அந்த போல்ட்டை இறுக்கினால், தொங்குகிற நிலைதான் தன் நிலை என்று ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கி எடை ஏறியதும் கை மேலே போகும், ரப்பர் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். சத்தம் போடும். சில மாதத்தில் கிழிந்தும் போகும். ஆகவே தொங்கும்போது போல்ட்டைச் சும்மா மாட்டி மட்டும் விடுங்கள் என்றான். சக்கரம் தரையில் நின்ற பிறகு இறுக்குங்கள் என்றான்.

"கடைக்காரன் பாவம்," என்றான் குழந்தைவேலு.

செங்கோடன் சட்டையைக் கழற்றினார்.

துணி துவைக்கிற தட்டைக் கற்களைக் கொண்டுவந்து, வண்டியை ஜாக்கியால் தூக்கித் தூக்கி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் கொடுத்தார். சக்கரம் உருளாமல் முன்னும் பின்னும் கட்டை வைத்தார். கார் இப்போது தன் சக்கரங்களிலேயே நின்றது, ஆள் ஒருவர் ஊர்ந்து போகிற உயரத்தில். சாக்கை விரித்து மல்லாந்து உள்ளே போனார். இந்த ஜென்மத்தில் கழலாது என்று இறுக்கியதை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒவ்வொரு போல்ட்டும் தளரும்போது உள்ளே ரப்பர் தொப்பென்று விட்டுக்கொடுத்து, வண்டி கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்தது.

"இப்ப இறுக்கலாமுங்க," என்றார் அடியிலிருந்து.

"யாரும் ஏறலியே," என்றது மரகதம்மாவின் குரல்.

"தரையில நின்னாப் போதுமுங்க. வீடியோவுல அப்படித்தான சொன்னான்."

"அது அவரு வண்டிங்கண்ணா. உங்க வண்டில வாரா வாரம் யாரு ஏறுவாங்க?"

"தம்பியும் சாந்தாவும்."

"அப்பறம்?"

"ஓட்டறதுக்கு நானு."

குழந்தைவேலுவும் சாந்தாமணியும் ஏறினார்கள். செங்கோடன் முகத்துக்கு மேலே இரும்பு கொஞ்சம் இறங்கி வந்தது.

"உங்க எடத்துக்கு என்ன பண்றது?" என்று மரகதம்மா கேட்டார்.

செங்கோடன் அடியில் படுத்திருந்தார். சாந்தாமணிதான் இறங்கிப் போனாள். கடையைக் கொடுத்தபோது மீந்த யூரியா மூட்டைகள் பின்கட்டில் இருந்தன. மரகதம்மா ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ஒன்றை இழுத்துவந்து ஓட்டுகிற சீட்டில் சாய்த்து உட்கார வைத்தார்கள்.

"அவரு எடைக்கு இது பத்தாது," என்றாள் சாந்தாமணி. இன்னொரு அரை மூட்டை வந்தது. அவள் திரும்பப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வண்டி மறுபடி இறங்கியது. இப்போது இரும்பு அவர் மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது. செங்கோடன் ஸ்பேனரை மாட்டினார். முதல் போல்ட்டை இறுக்கத் தொடங்கினார்.

மேலே பேசுவது தகரத்தின் வழியாக அவருக்குக் கேட்டது. தான் அடியில் இருப்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தார்.

"அண்ணி, மூட்டை நல்லாத்தான் உக்காந்திருக்குது."

"ம்."

"அண்ணனாட்டவே திரும்பிப் பாக்க மாட்டேங்குது பாருங்க."

சாந்தாமணி சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது என்பது செங்கோடனுக்கு அப்போதுதான் உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"வர்ற வாரம் ஈரோட்டுக்கு எப்படித் தம்பி போறது?"

"பஸ்ல போலாம்."

"படி ஏறுவீங்களா?"

"நீங்க தூக்கி விட்டா ஏறுவேன்."

"நான் ஒருத்தி எப்படித் தூக்கறது?"

குழந்தைவேலு இந்தத் தடவை வேடிக்கை பண்ணவில்லை. "போகாம இருந்தாத்தான் என்ன அண்ணி, வீட்டுக்குள்ளாற நடக்கறனே, போதும்," என்றான்.

அடியில் ஸ்பேனர் நின்றுவிட்டது. செங்கோடன், கண்ணில் துரு விழுந்துவிட்டது என்று புறங்கையால் துடைத்தார். கண்ணில் துரு விழவில்லை. பிறகு மெதுவாக, குழாய் சொருகாமல், ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி முடித்தார்.

ஊர்ந்து வெளியே வந்தபோது முதுகெல்லாம் மண். மரகதம்மா வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். செங்கோடன் அவர் அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அம்மா, குடில்ல ஆடாம நின்ன மனசு, இப்பக் கீழ படுத்திருக்கறப்ப ஆடிப்போச்சுங்க."

"வண்டி எவ்வளவு எறங்குச்சுங்கண்ணா?"

"எதுங்க?"

"எல்லாரும் ஏறினப்ப."

"மூணு வெரல் அளவு இருக்குமுங்க."

"எறங்கின எடத்துல வெச்சுத்தான இறுக்குனீங்க?"

"ஆமாங்க."

"சத்தம் வருமா?"

"வராதுன்னுதான் நெனைக்கறனுங்க. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

மரகதம்மா தலையாட்டினார். செங்கோடன் கையிலிருந்த கிரீஸை வேட்டியில் துடைத்தார். இன்னும் கேட்காமல் விட்டது ஒன்று இருந்தது.

"வழக்கம் முடிஞ்சுதுங்கம்மா. தம்ளருக்கு எப்ப வரட்டுமுங்க?"

மரகதம்மா காரைப் பார்த்தார். பின்சீட்டில் குழந்தைவேலு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். சாந்தாமணி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அலமாரி எங்கயும் போயிராதுங்கண்ணா," என்றார். "மொதல்ல அந்த மூட்டைய எறக்குங்க."